சம்பளத்துக்கு ஒரு வரி, சொத்துக்கு ஒரு வரி: பணக்காரர்களிடம் கூடுதலாகக் கேட்கலாமா?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: "என் மகன் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறான். வருடம் முப்பது லட்சம் சம்பளம். ஏற்கெனவே லட்சக்கணக்கில் வரி பிடிக்கிறார்கள். இதற்கு மேலும் பணக்காரர்களுக்கு வரி போடு என்றால், உழைத்து முன்னேறியவனைத் தண்டிப்பதுதானே? திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம். வரியைக் கூட்டினால் முதலாளிகள் துபாய்க்குப் போய்விடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு வேலை யார் தருவது?"

உங்கள் மகனை முதலில் இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறேன். பணக்காரர்களுக்கு வரி என்ற பேச்சு எழுந்தால் முதலில் பதறுகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். பதறக் காரணம் இருக்கிறது. சம்பளத்தில் வரி, கைக்கு வரும் முன்பே டிடிஎஸ்ஸாகப் போய்விடுகிறது. மறைக்க வழியில்லை, தள்ளிப்போடவும் வழியில்லை. 2023-24இல் மத்திய அரசுக்குத் தனிநபர் வருமான வரியாக வந்தது சுமார் 10.4 லட்சம் கோடி ரூபாய். நாட்டிலுள்ள கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கட்டிய வரி சுமார் 9.1 லட்சம் கோடி. ஆகவே உங்கள் ஆற்றாமை நியாயமானது. அது யார் மேல் திரும்ப வேண்டும் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி 30 லட்சம் சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, செஸ் (வரியின் மேல் சேர்க்கப்படும் கூடுதல் தொகை) உட்பட வரி சுமார் 4.76 லட்சம். மொத்தச் சம்பளத்தில் ஏறத்தாழ 15.9%. 24 லட்சத்துக்கு மேல் உங்கள் மகன் ஈட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 31 ரூபாய் 20 காசு வரிக்குப் போகிறது.

இன்னொருவர் பட்டியலிடப்பட்ட கம்பெனியொன்றின் பங்குகளைப் பல ஆண்டுகள் வைத்திருந்து விற்கிறார். ஒரே ஆண்டில் 100 கோடி ரூபாய் லாபம். நீண்ட கால மூலதன ஆதாய வரி 12.5%. அதன் மேல் சர்சார்ஜ், அதாவது பெரிய வருமானத்தின் வரி மேல் போடும் கூடுதல் வரி, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. பிறகு 4% செஸ். எல்லாம் சேர்த்து 14.95%. அதாவது 100 கோடி லாபம் பார்த்தவர் கட்டும் விகிதம், 30 லட்சம் சம்பளக்காரர் கட்டும் விகிதத்தைவிடக் குறைவு. அதே 100 கோடியை ஒருவர் சம்பளமாக வாங்கினால் 39% வரை கட்ட வேண்டும். 2004 முதல் 2018 வரை பட்டியலிட்ட பங்குகளின் நீண்ட கால லாபத்துக்கு ஆதாய வரியே கிடையாது. பங்கு பரிவர்த்தனை வரி என்ற சிறு தொகை மட்டும்தான். 2018இல் 10% வந்தது, 2024 ஜூலையில் 12.5% ஆனது.

விற்றவர் நிலை இது. உண்மையான பெருஞ்செல்வர் விற்பதே இல்லை. கம்பெனியைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஒரு புரமோட்டர் குடும்பத்திடம் 10,000 கோடி மதிப்புள்ள பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் விலை 12% ஏறுகிறது. செல்வம் 1,200 கோடி கூடிவிட்டது. விற்காததால் அதற்கு வரி இல்லை. கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபமான டிவிடெண்டு ஒரு சதவீதம், 100 கோடி வருகிறது. அதற்கு அதிகபட்சம் 35.88%, அதாவது 36 கோடிக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு அவர்கள் செல்வத்தில் சேர்ந்தது 1,300 கோடி. கட்டிய வரி அதில் மூன்று சதவீதத்துக்கும் கீழே. சட்டத்தை எங்கும் மீறவில்லை. நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் தொழிலில் இருப்பவன். கறுப்புப் பணத்தைவிட இந்த வெள்ளைக் கணக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. கம்பெனி தன் லாபத்தில் 25.17% ஏற்கெனவே கட்டிவிட்டதே, பங்குதாரரிடம் மறுபடி கேட்பது இரட்டை வரி ஆகாதா? ஓரளவுக்கு ஆகும். கம்பெனி டிவிடெண்டாகத் தராமல் சேர்த்துவைத்த லாபத்தால் பங்கு விலை ஏறுகிற அளவுக்கு அந்த வாதம் சரி. ஆனால் விலை ஏற்றத்தின் பெரும்பகுதி நாளைய லாபத்தை எதிர்பார்த்து வருவது. கையிருப்பு நிலம், அரசு உரிமம், போட்டியில்லாத சந்தை இவற்றால் வருவதும் அதில் உண்டு. அந்தப் பகுதிக்கு இன்னும் யாரும் வரி கட்டவில்லை. இரட்டை வரி என்ற குறை சம்பளக்காரருக்கும் உண்டே. வரி போக மிஞ்சிய சம்பளத்தில் அவர் செல்போன் வாங்கினால் 18% ஜிஎஸ்டி.

ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு. நிதின் குமார் பாரதி, லூகா ஷான்செல், தொமா பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி ஆகியோர் எழுதியது. 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் செல்வத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாக அது கணக்கிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் வருமானத்தில் அவர்கள் பங்கு 6% அளவுக்கு இறங்கியிருந்தது. கீழ்ப்பாதி மக்களிடம், அதாவது நாட்டில் சரிபாதிப் பேரிடம், இன்று இருக்கும் செல்வம் ஆறு, ஏழு சதவீதம்தான். வருமான வரியைச் சொத்து மதிப்போடு ஒப்பிட்டால், மேலே போகப் போக வரி விகிதம் குறையக்கூடும் என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த எண்களை ஏற்காதவர்கள் நுகர்வுக் கணக்கெடுப்பைக் காட்டி, ஏற்றத்தாழ்வு அவ்வளவு இல்லை என்பார்கள். ஆனால் ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார், உடுத்துகிறார் என்பது வேறு. எவ்வளவு சொத்து வைத்திருக்கிறார் என்பது வேறு. ஆயிரம் கோடி வைத்திருப்பவரும் மூன்று வேளைதான் சாப்பிடுவார். கணக்கெடுப்பவரும் அவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவது அரிது. தசமப் புள்ளிவரை நான் வாதாட மாட்டேன். திசையில் எனக்குச் சந்தேகமில்லை.

"திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம்" என்று எழுதியிருந்தீர்கள். வருகிறார்கள்தான், மறுக்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு காலத்தில் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பு 2018இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அடித்தட்டில் இருக்கும் ஒரு குடும்பம் அந்நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் இரண்டு. இந்தியாவில் ஏழு. கொள்ளுத் தாத்தாவுக்கும் பல படி மேலே போக வேண்டும். அவ்வளவு தலைமுறை உழைத்தால் சராசரியைத் தொடலாம். வளர்ச்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் அமெரிக்க அனுபவம் பதில் சொல்கிறது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வில், 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90% பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் அது சுமார் 50% ஆகிவிட்டது. வளர்ச்சி மந்தமானதைவிட, வளர்ச்சியின் பலன் மேலேயே தேங்கிப்போனதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பது அவர்களின் முடிவு.

தமிழ்நாட்டில் ஏற்றம் எப்படி வந்தது என்று பார்த்தால், பணம் எங்கே செலவானது என்பதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம், பஸ் பாஸ், இட ஒதுக்கீடு. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (கல்லூரி வயதினரோடு ஒப்பிட்ட மாணவர் எண்ணிக்கை) 47%. இந்திய அளவு 28.4%. உங்கள் மகன் பெங்களூரில் உட்கார்ந்திருப்பதற்குப் பின்னாலும் இந்தச் செலவின் ஏதோ ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. நீட் வந்த பிறகு கோச்சிங் சென்டருக்கு லட்சக்கணக்கில் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளோடு போட்டியிட முடியாமல், அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனார்கள். 2020இல் 7.5% உள் ஒதுக்கீடு வந்ததும், அந்த ஓர் ஆண்டிலேயே முந்நூறு பேருக்கு மேல் எம்பிபிஎஸ் சேர்ந்தார்கள். ஒரே வருடத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் திறமை பல மடங்கு பெருகிவிட்டதா? திறமை முன்பும் இருந்தது. வழிதான் அடைபட்டிருந்தது.

ஆகவே என் கருத்து இது. பணக்காரர்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டும். உழைத்துப் பெறும் வருமானத்தின் மேல் விகிதத்தை இன்னும் ஏற்றக் கூடாது. சொத்தின் ஆதாயத்திலும், அது வாரிசுக்கு மாறும்போதும் கேட்க வேண்டும். அப்படி வரும் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு போக வேண்டும். கடைசி நிபந்தனை ஏன் என்று புரிய, நம் நாடு முன்பு இதைச் செய்து தோற்ற கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1953இல் சி.டி.தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது எஸ்டேட் டியூட்டி வந்தது. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மேல் வரி. 1956இல் கேம்பிரிட்ஜிலிருந்து பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோரை அழைத்து வரிச் சீர்திருத்த அறிக்கை வாங்கினார்கள். ஆண்டுதோறும் செல்வ வரி, மூலதன ஆதாய வரி, நன்கொடை வரி, செலவு வரி என்று அவர் ஒரு முழு வலையையே வரைந்து கொடுத்தார். ஒரு கண்ணியில் தப்பியது அடுத்த கண்ணியில் சிக்க வேண்டும் என்பது திட்டம். அதே அறிக்கையில் அவர் இன்னொன்றும் சொன்னார். இத்தனை வரியும் வந்துவிட்டால் வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். அடுத்து நிதியமைச்சரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957 பட்ஜெட்டில் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். வரிகள் வந்தன, உச்ச விகிதம் இறங்கவில்லை. மாறாக ஏறியது. 1970களின் தொடக்கத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு சர்சார்ஜ் உட்பட 97.75%. அதோடு செல்வ வரியையும் சேர்த்தால், கட்ட வேண்டியது வருமானத்தையே மிஞ்சும் நிலை சிலருக்கு வந்தது.

நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சும் என்றால் யார் கணக்குக் காட்டுவார்கள்? கம்பெனி கார், கம்பெனி பங்களா, பினாமி நிலம், ரொக்கத்தில் பாதி ரசீதில் பாதி என்று ஒரு பழக்கமே வேரூன்றிவிட்டது. முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான குழு, வரி ஏய்ப்புக்கு இந்த விகிதமே முதற்காரணம் என்று சொல்லி 75 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. 1974இல் அது 77% ஆனது. பிறகு படிப்படியாக இறங்கியது. வரி கூட்டுவதை எதிர்ப்பவர்கள் இந்த வரலாற்றைச் சொன்னால் நான் அவர்களோடு உடன்படுகிறேன். அந்த உயரத்துக்கு இனி யாரும் போகக் கூடாது.

எஸ்டேட் டியூட்டியின் மேல் அடுக்கு 85% வரை போயிருந்தது. 1985 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் வி.பி.சிங் அதை ஒழித்தபோது சொன்ன காரணம், வசூல் வெறும் 20 கோடி, நிர்வாகச் செலவோ ஒப்பிட்டால் அதிகம் என்பது. 85% விகிதம் வைத்து இந்தப் பெரிய நாட்டில் 20 கோடிதான் வந்தது என்றால், வரி அவ்வளவு ஓட்டையாக இருந்தது என்று பொருள். இன்னொரு காரணமும் உண்டு என்பது என் கணிப்பு. அன்றைய அரசியல் சட்டத்தின் 269வது பிரிவுப்படி இந்த வரியை வசூலிப்பது மத்திய அரசு. பணம் போவது மாநிலங்களுக்கு. தன் கல்லாவுக்கு வராத வரியை வருந்தி வசூலிக்க யாருக்கு ஆர்வம் இருக்கும்?

செல்வ வரியின் முடிவு இன்னும் பாடம் தருவது. 1991இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர் ராஜா செல்லையா. பிற்பாடு சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அமைப்பை நிறுவியவர். உற்பத்தியில் போட்ட பணத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம், முடங்கிக் கிடக்கும் சொத்துக்கு மட்டும் வரி போதும் என்பது அவர் யோசனை. நோக்கம் நல்லது. விளைவு என்ன? பங்குகளுக்கு விலக்கு. நகை, கார், காலி மனை, கூடுதல் வீடு, கையிருப்பு ரொக்கம் இவற்றுக்கு வரி. பல்லாயிரம் கோடி பங்கு வைத்திருந்த குடும்பம் அந்தப் பங்குகளுக்குச் செல்வ வரியாக ஒரு ரூபாயும் கட்டத் தேவையில்லை. பாட்டி கொடுத்த நகையும் ஊர் ஓரத்தில் ஒரு மனையும் வைத்திருந்த நடுத்தரக் குடும்பம், அவற்றின் மதிப்பு வரம்பைத் தாண்டினால், ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். 2013-14இல் நாடு முழுவதும் வசூலானது 1,008 கோடி. 2015இல் நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை எடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2% கூடுதல் சர்சார்ஜ் போட்டார். 9,000 கோடி வரும் என்றார். நிர்வாகரீதியில் சரியான முடிவுதான். ஆனால் அந்த நாளில் சொத்தின் மேலிருந்த வரி மறுபடி வருமானத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

சர்சார்ஜில் இன்னொரு கோளாறு இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. வருமான வரி, கம்பெனி வரி இவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. சர்சார்ஜிலும் செஸ்ஸிலும் கிடையாது. அது முழுக்க மத்திய அரசுக்கு. 2011-12இல் மத்திய மொத்த வரி வருவாயில் பத்து சதவீதம் அளவில் இருந்த இவை, பத்தாண்டுக்குள் இருபது சதவீதத்தைத் தொட்டன. பள்ளிக்கூடம் நடத்துவது யார்? ஆரம்ப சுகாதார நிலையம் நடத்துவது யார்? மாநில அரசு. ஒரு குழந்தையின் தலைவிதியை மாற்றும் செலவெல்லாம் மாநிலத்தின் தலையில். பெரும் பணக்காரரிடமிருந்து வரும் கூடுதல் வரியில் மாநிலத்துக்குச் சல்லிக்காசு வராது. அப்படியென்றால் தமிழ்நாடு சத்துணவுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் எங்கே போகிறது? ஜிஎஸ்டி, பெட்ரோல் டீசல் மேல் வாட், பத்திரப்பதிவு, டாஸ்மாக். டாஸ்மாக் வழியாக வரும் வரி ஆண்டுக்கு 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. கட்டட வேலை முடித்து மாலையில் வரிசையில் நிற்பவரின் கூலியிலிருந்து எடுத்து, அவர் பிள்ளைக்கே காலை உணவு போடுகிறோம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஏழையின் ஏற்றத்துக்கான செலவை ஏழையே கொடுக்கும் ஏற்பாடு இது. அதில் கல்லீரல் கெட்டவரும், குடும்பம் சிதைந்தவரும் எத்தனை பேர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இனி துபாய்க்கு வருகிறேன். பயம் முற்றிலும் பொய்யில்லை. நார்வே 2022இல் ஆண்டு செல்வ வரியின் உச்ச விகிதத்தை 1.1 சதவீதமாக உயர்த்தியபோது, பெயர்பெற்ற பணக்காரர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சுவிட்சர்லாந்தின் மாநிலங்களும் செல்வ வரி வசூலிக்கின்றன. விகிதம்தான் பொதுவாகக் குறைவு. ஐரோப்பாவில் 1990 வாக்கில் பன்னிரண்டு நாடுகளில் இருந்த செல்வ வரி, 2017இல் நாலு நாட்டில்தான் மிஞ்சியது. ஆகவே ஆண்டுதோறும் செல்வ வரி என்பதை இந்தியாவில் முதலில் கொண்டுவர நான் சொல்ல மாட்டேன். பட்டியலிடாத கம்பெனிக்கு வருடா வருடம் யார் விலை வைப்பது? வைக்கும் அதிகாரிக்கு யார் கையூட்டுக் கொடுக்காமல் இருப்பார்கள்? மேலே சொன்ன பிக்கெட்டி குழு ஆய்வாளர்களே 10 கோடிக்கு மேற்பட்ட செல்வத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதமும், அதற்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 33 சதவீதமும் போட்டால் ஜிடிபியில் 2.73% கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். காகிதத்தில் அழகான எண். அதில் பாதி வசூலானாலே பெரிது என்று நினைக்கிறேன்.

வாரிசுரிமை வரியும் ஆதாய வரியும் வேறு வகை. இந்தியக் கம்பெனியின் பங்கை துபாயில் உட்கார்ந்து விற்றாலும் ஆதாய வரியை இந்தியா கேட்கலாம். இரு நாட்டு ஒப்பந்தமும் அதற்கு இடம் தருகிறது. நிலம் எங்கும் போகாது. ஓஎம்ஆர் மனையைத் தூக்கிக்கொண்டு யாரும் விமானம் ஏற முடியாது. வேலை போய்விடும் என்ற கவலைக்கு 2019 ஒரு சோதனைக் களமாக அமைந்தது. அந்த செப்டம்பரில் கம்பெனி வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. அரசே சொன்ன இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. பிறகு என்ன நடந்தது? 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி.அனந்த நாகேஸ்வரன் தயாரித்தது, 33,000க்கு மேற்பட்ட கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னது: 2020 நிதியாண்டுக்கும் 2023க்கும் இடையில் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானது, ஆள் எடுப்பதும் ஊதிய உயர்வும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வரியைக் குறைத்தால் வேலை பெருகும் என்பது தானாக நடக்கும் காரியமில்லை என்பதை அரசின் அறிக்கையே காட்டிவிட்டது.

வாரிசுரிமை வரி தொழிலை அழித்துவிடுமா? தென்கொரியாவில் உச்ச விகிதம் 50%. கட்டுப்படுத்தும் பங்குகளுக்கு அதற்கும் மேலே போகும். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020 அக்டோபரில் இறந்தார். குடும்பம் கட்ட வேண்டியிருந்தது 12 லட்சம் கோடி வோனுக்கு மேல். ஐந்து ஆண்டுகளில் ஆறு தவணையாகக் கட்டுவதாக ஏற்றுக்கொண்டார்கள். பங்குகளை விற்றார்கள், கடன் வாங்கினார்கள். சாம்சங் இன்றும் சாம்சங்தான். உங்கள் கையில் இருக்கும் போன்கூட அவர்களுடையதாக இருக்கலாம். கொரியாவிலும் புகார் இல்லாமல் இல்லை. வரியைக் குறைத்துக் காட்டப் பங்கு விலையை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார்கள் என்று சிறு முதலீட்டாளர்கள் சொல்கிறார்கள். விகிதம் மிக உயரமாக இருந்தால் இப்படி வேறு பக்கம் வீங்கும். அதனால் நான் 50% கேட்க மாட்டேன்.

2024 தேர்தல் நேரத்தில் காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசுரிமை வரி பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போய், தாலியைப் பறிக்கப் போகிறார்கள் என்று ஏற்கெனவே எழுந்திருந்த கூச்சல் இன்னும் பெரிதானது. அன்று முதல் பெரிய கட்சிகள் இதைத் தொடப் பயப்படுகின்றன. அமெரிக்காவில் 2024இல் ஒருவர் 1.36 கோடி டாலர் வரை வரியே இல்லாமல் விட்டுச்செல்லலாம், அதற்கு மேல்தான் 40% என்ற விவரம் அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

1985இல் முடியாதது இன்று முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் தொழில்நுட்பம். அன்று பங்கு என்பது பீரோவில் பூட்டிய காகிதம். யாரிடம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 1996இல் என்எஸ்டிஎல் என்ற நிறுவனம் வந்து, பங்குகள் டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாறத் தொடங்கின. இன்று டீமேட்டில் இருக்கும் ஒவ்வொரு பங்கும் ஒரு பான் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டு, வங்கி வைப்பு, பத்திரப்பதிவு எல்லாமே 2021 முதல் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வரித்துறைக்குத் தெரிகின்றன. உங்கள் மகனின் சேமிப்புக் கணக்கு வட்டி ரூபாய் வரைக்கும் அதில் வருகிறது. அதே கண் பெரிய சொத்தின் மேலும் படட்டும்.

ஆதாய வரியில் நான் கேட்பது எளிமையானது. ஓர் ஆண்டில் 50 லட்சம் வரையிலான பங்கு லாபத்துக்கு இப்போதைய 12.5 சதவீதமே இருக்கட்டும். எஸ்ஐபி போட்டு மகள் கல்யாணத்துக்குச் சேர்ப்பவரைத் தொட வேண்டாம். அதற்கு மேற்பட்டது பணவீக்கத்தைக் கழித்துவிட்டு, சம்பளத்துக்குரிய விகிதத்தில் வரி கட்டட்டும். சர்சார்ஜ் வரம்பை எடுத்துவிடலாம். வாரிசுரிமை வரி 10 கோடிக்கு மேல் தொடங்கட்டும், 20 சதவீதத்தில். குடும்ப டிரஸ்டுக்கு மாற்றி எழுதினாலும் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை அதே வரி என்று விதி வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் வருவதற்கு முதல் நாளே எல்லாம் டிரஸ்டுக்குள் போய்விடும். விவசாய நிலத்தின் வாரிசு வரி அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதை மத்திய சட்டத்தால் தொட முடியாது. பண்ணை நிலமாகக் காட்டிப் பணத்தை ஒளிப்பது நடக்கும். மாநிலங்கள் தாங்களாகவே பெரிய நிலவுடைமைக்கு ஒரு வரம்பு வைத்து இணையும்வரை அந்த ஓட்டை இருக்கத்தான் செய்யும். வரும் பணத்தை சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலிக்கக் கூடாது. பகிர்ந்துகொள்ளும் வரியாக இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் வீடு பற்றிய பயம் ஒன்று கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதாவிட்டாலும். அண்ணாநகரில் அப்பா 1980களில் கட்டிய வீடு இன்று பல கோடி போகும். கையில் ரொக்கம் இருக்காது. அந்த வீடு எட்டு கோடி என்றால் இந்த முறையில் வரி எதுவும் இல்லை. வீடும் மற்ற சொத்தும் சேர்ந்து 14 கோடி என்றால், 10 கோடிக்கு மேலுள்ள நாலு கோடிக்கு 20%, எண்பது லட்சம். பத்து ஆண்டுத் தவணையில் வருடத்துக்கு எட்டு லட்சம். அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு நாலு லட்சம். 30 லட்சம் சம்பளத்துக்கு உங்கள் மகன் இப்போது ஒவ்வோர் ஆண்டும் கட்டுவது 4.76 லட்சம்.